ஒரு புகை அலாரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கை, சமையல் வசதியோடு வீடுபோல் அமைந்த மோட்டார்ஹோம் வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். தண்ணீர்த் தொட்டி முதல் படுக்கை வரை பொறுமையாக விளக்கியவர், பாதுகாப்பு என்று வந்ததும் ‘கூரையில் ஒரு புகை அலாரம் மாட்டினால் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதை நம்பி யாராவது நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்களே என்ற பதைப்பில் எழுதுகிறேன்.

புகை அலாரத்துக்குப் புகைதான் தெரியும். எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அதற்குத் தெரியாது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூச்சில் கலந்ததும் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி எல்லாம் வரும்; பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம்.

எங்களுக்கே இது நடந்தது. அன்று இரவு எங்கள் வண்டியில் அடுப்பு, ஹீட்டர் இரண்டுமே அணைந்திருந்தன. நடுராத்திரியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. குழந்தைகளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினோம். பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகைக்குழாய் எங்கள் காற்றுத்துளைக்கு நேராக இருந்தது. தலை வலிக்கிறது என்று அம்மா அதற்கு முன்பே சொல்லியிருந்தார்; நான்தான் தூக்கம் போதவில்லை என்று நினைத்துவிட்டேன். கூரையில் இருந்த புகை அலாரம் கடைசிவரை ஒலிக்கவே இல்லை. அதைக் குறை சொல்ல முடியாது, அது அதன் வேலை இல்லை.

வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் தர எண்ணைப் பாருங்கள். ஐரோப்பியத் தரத்தில் வீடுகளுக்கான கார்பன் மோனாக்சைடு அலாரம் ஈஎன் 50291-1, மோட்டார்ஹோம், படகு போன்றவற்றுக்கானது ஈஎன் 50291-2. கடைசியில் இருக்கும் அந்த ஒற்றை எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஓடும் வண்டியின் குலுக்கலையும் அதிர்வையும் தாங்குமா என்று சோதித்தது இரண்டாவதுதான். அமெரிக்கத் தரமான யூஎல் 2034 இருந்தால், வண்டிக்கு ஏற்றது என்று அட்டையில் தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். வாயு பட்டால் நிறம் மட்டும் மாறும் அட்டை வில்லைகள் வேண்டவே வேண்டாம். தூங்குகிறவரை அது எப்படி எழுப்பும்?

வாயு பட்டவுடன் அலாரம் கத்தவில்லையே என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். அது அளவையும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடும். ஐரோப்பியத் தரப்படி, காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள். 300 பங்கு என்றால் 3 நிமிடத்துக்குள்.

இந்த வாயு ஏறக்குறைய காற்றின் எடைதான், அதனால் எங்கும் கலந்து பரவும். அலாரத்தைப் படுக்கைப் பக்கம், தலை இருக்கும் உயரத்தில் வையுங்கள். அலமாரிக்குள்ளோ திரைக்குப் பின்னாலோ வேண்டாம். சிலிண்டர் வாயு அப்படி இல்லை, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதற்கான கசிவு அலாரம் தாழ்வாக இருக்க வேண்டும். புகை அலாரத்துக்கு மட்டும்தான் கூரை சரி. அதில் ஒளியால் புகையைக் கண்டுபிடிக்கும் ஆப்டிகல் வகையை எடுங்கள். சமைக்கும்போது வீணாகக் கத்துவது குறைவு. அந்தத் தொல்லை பொறுக்காமல்தானே பேட்டரியைக் கழற்றி வைக்கிறோம், அப்புறம் மறந்தும் போகிறோம்!

சோதனைப் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது என்று திருப்திப்பட்டு விடாதீர்கள். பெரும்பாலான கருவிகளில் அந்தச் சத்தம் பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்வதைத்தான் காட்டும். உள்ளே இருக்கும் சென்சாரின் ஆயுளைக் காட்டாது. கருவியின் பின்புறம் மாற்ற வேண்டிய தேதி அச்சிட்டிருப்பார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்று. வெளியே பயன்படுத்திய கரி அடுப்பைக் குளிருக்காக உள்ளே கொண்டுவராதீர்கள். தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் பல மணி நேரம் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்கிறது என்று காற்றுத்துளைகளையும் அடைக்காதீர்கள்.

அந்தக் கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மற்றதெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்தி, கண்ணில் படும் இடத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி