மணப்பாடு போய்வந்த பின், மகனுக்கு

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு உன் நலத்தையும் மருமகள் நலத்தையும் அறிய ஆவல்.

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் ஊரே குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருக்க, அம்மா மட்டும் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். சென்ற புதன்கிழமை காலை ரயிலில் திருச்செந்தூர் போய், முருகனைக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து மணப்பாட்டுக்குப் பேருந்து ஏறினோம். சஷ்டிக்கும் தசராவுக்கும் கால் வைக்க இடமில்லாத அந்தத் தடத்தில் அன்று பாதி இருக்கைகள் காலி. குலசேகரன்பட்டினத்தைக் கடக்கும்போது, 2024-இல் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளத்தைப் பற்றி முன்னிருக்கைப் பெரியவர் பேச்செடுக்க, எங்கள் மகனும் இன்ஜினீயர்தான், புனேயில் பெரிய பொறுப்பில் இருக்கிறான் என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். மருமகளும் அங்கேதானா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றவள், அதற்குமேல் பேசவில்லை. நான் வெளியே பனங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மணப்பாட்டில் கருமேனியாறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்றின் மேல், 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. செப்டம்பர் 14 திருவிழாவில் குன்றே தெரியாத அளவுக்குக் கூட்டம் இருக்கும். அன்றோ ஒரு பாட்டி மட்டும் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் மணல் புகும் காற்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, சரிவில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அவருக்கு முன்பே ஒரு சைவத் துறவி அங்கே வாழ்ந்தாராம். அலைக்கு அத்தனை அருகில் இருந்தும் குகைக்குள் உள்ள சிறு கிணற்றின் நீர், நம் திருச்செந்தூர் நாழிக்கிணற்று நீரைப் போலவே, உப்புக் கரிப்பதில்லை. அம்மா அங்கே நெடுநேரம் கண்மூடி நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்க வேண்டாம்.

தெருவில், இலங்கை வணிகத்தில் செழித்தவர்கள் கட்டிய பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டில் பூட்டும் நாதாங்கியும் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இனிச் சாவியோடு ஆள் வந்தாலும் திறக்காது. அதே உப்புக்காற்றுதான் அடுத்த வீட்டுக்கும் அடிக்கிறது, அங்கே நாலு பேர் புழங்குவதால் கதவு வழவழவென்று இருக்கிறது. கோபமோ தாபமோ, உள்ளே பேச்சு இருக்க வேண்டும். இதை உன்னை நினைத்துச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

வேளைக்குச் சாப்பிடு. இரவில் கண்விழித்து வேலை பார்க்காதே. உன் சம்பாத்தியத்தில்தான் இந்த வீட்டுக்கு மாடி எழுந்தது, அதை யாரிடமும் சொல்லாமல் நான் இருந்ததில்லை. ஆனால் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பேசியவன் இப்போது இரண்டு வரி செய்தியோடு நிறுத்திக்கொள்வது எந்த வகையில் சேர்த்தி? சித்திரை விசுவுக்கு நீ அனுப்பிய படத்தில் நீ மட்டும் இருந்தாய். சட்டை நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம். மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் முடைந்த மூடிபோட்ட பெட்டி ஒன்றையும் மருமகளுக்கென்று அம்மா எடுத்திருக்கிறாள். அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று கடையில் இருந்ததையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டாள். நேற்று கூரியர்காரர் பெறுபவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்டார். நாளை வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பெட்டியை உன் விலாசத்துக்கே அனுப்பலாமா, அல்லது வேறு விலாசம் இருக்கிறதா என்று எழுது. ஈரக்காற்றில் கருப்பட்டி இளகிவிடும், ஆகையால் தாமதிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா