வயித்தால போனா தண்ணியும் பாலும் நிறுத்தாத மகள்

அன்பு மகளுக்கு,

சின்னவனுக்கு நேத்துல இருந்து வயித்தால போகுதுன்னு நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ கேட்டதுல இருந்து எனக்கு கொழுந்து மலையில கையே ஓடல. போன்ல சொன்னா பாதிய மறந்துருவ, அதான் எழுதுறேன்.

பல்லு மொளைக்குது அதான் போகுதுன்னு அங்க சொல்றாங்களாம். பல்லு மொளைக்குற வயசுலதான் புள்ள தவழ்ந்துபோய் தரையில கெடக்குறதெல்லாம் வாயில வைக்குது, கிருமி அப்படித்தான் போகுது மகள். பால நிப்பாட்டு, வயித்த காயப்போடுன்னு யாரு சொன்னாலும் கேக்காத. கேக்கும்போதெல்லாம் பால் குடு, குழைஞ்ச சோறும் பருப்பும் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டு. புள்ளைய வாட்டுறது ஒடம்புல தண்ணி வத்துறதுதான், போன தண்ணிய திருப்பி உள்ள அனுப்புறதுதான் நம்ம வேல.

ஜீவனி பாக்கெட்ட, அதான் வயித்தால போனா கரைச்சு குடுக்குற உப்பு சீனித் தூள, முழுசா ஒரு லீட்டர் கொதிச்சு ஆறுன தண்ணியில கரை. பாதிய கொட்டி குத்துமதிப்பா கப்புல கலக்காத, உப்பு கூடிப்போனா புள்ளைக்கு ஆபத்து. 24 மணித்தியாலத்துக்கு மேல வைக்காத. ஒவ்வொரு தடவ போனதுக்கு அப்புறமும் 50லருந்து 100 மில்லி, கரண்டியால மெதுவா குடு, வாந்தி எடுத்தா 10 நிமிஷம் பொறுத்துட்டு திரும்ப ஆரம்பி. ராத்திரியில பாக்கெட் இல்லாட்டி அதே ஒரு லீட்டருக்கு தட்டையா 6 தேக்கரண்டி சீனி, அரை தேக்கரண்டி உப்பு, அளவு மாறக்கூடாது. சீனி உப்ப குடல்லருந்து ஒடம்புக்குள்ள இழுக்கும், அது பின்னாடியே தண்ணியும் உள்ள போகும். அதுக்காக சோடாவோ இனிப்பு பிளேன்டீயோ குடுத்துறாத, சீனி கூடுனா இன்னும் போகும்.

மழைக்கு பீலித் தண்ணி கலங்கி வந்து நம்ம லயத்து வீடுகள்ல வரிசையா புள்ளைங்களுக்கு போனப்ப, மிட்வைப் மிஸ்ஸி ஒன் தம்பிய மடியில போட்டு வயித்துத் தோல ரெண்டு வெரலால கிள்ளி விட்டுக் காட்டுனாங்க. தோல் ஒடனே சமமாகணும், மடிப்பு மெதுவா எறங்குனா தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம். அப்படி இருந்தாலோ, கண்ணு குழி விழுந்தாலோ, ஒண்ணுக்கு போகாட்டியோ, புள்ள சோந்து தூங்கிக்கிட்டே கெடந்தாலோ, மலத்துல ரத்தம் தெரிஞ்சாலோ விடியட்டும்னு இருக்காத, அப்பவே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடு, போற வழியிலயும் ஜீவனி குடு.

பார்மசில வயித்தப் புடிக்குற மாத்திர வாங்கிறாத, அது சின்னப் புள்ளைக்கு ஆகாது. டொக்டர்கிட்ட ஸிங்க் மருந்து கேளு, அவரு சொல்ற அளவுல 10லருந்து 14 நாள். போறது நின்னாலும் நாள முழுசா குடு. நாப்கின் மாத்துனதும் சவுக்காரம் போட்டு கை கழுவு, மாமியையும் கழுவச் சொல்லு.

ராத்திரி எத்தன தடவ போச்சு, ஒண்ணுக்கு போனானான்னு எனக்கு மெசேஜ் போடு, நான் முழிச்சுத்தான் இருப்பேன்.

அம்மா