பரண் பெட்டியை முன்னதாகவே திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசி, டிவி எதையும் தொடாத திரையில்லா நாளில் பெற்றோர் தங்கள் பழைய விளையாட்டுச் சாமான்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்பது நல்ல யோசனை. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. இருபது முப்பது வருடமாகக் கிடந்த பெட்டியை அன்று காலையில் இறக்கி, தூசி தட்டி, அப்படியே தரையில் கவிழ்க்கிறார்கள். பாதி சாமான் ஓடாது, சிலது கையில் ஒட்டும், ஒன்றிரண்டு ஆபத்தாகவும் இருக்கும். அரை மணி நேரத்தில் பிள்ளை கைபேசியைத் தேடினால் அதன்மேல் என்ன தப்பு? நாலைந்து நாள் முன்பே பெரியவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

முதல் வேலை பேட்டரி. உள்ளேயே விட்ட அல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். அது காரம், கண்ணிலோ தோலிலோ பட்டால் எரியும். கையுறை போட்டு பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு, நுரைப்பது அடங்கும்வரை துடைக்க வேண்டும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். அல்கலைன் அல்லாத பழைய சாதாரண (ஜிங்க்-கார்பன்) பேட்டரி என்றால் கசிவு அமிலத்தன்மை உடையது. அங்கே வினிகர் உதவாது, சமையல் சோடாவைக் குழைத்துத் தடவித் துடைக்க வேண்டும். ஸ்பிரிங்கில் துரு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே போதும். அதன் பிறகும் ஓடவில்லையா? ஸ்பிரிங்கில் பற்றவைத்த ஒயர் பச்சை பிடித்து இற்றுப் போயிருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும். புது பேட்டரியோடு பழையதைச் சேர்த்துப் போடாதீர்கள். பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றதன் அழுத்தத்தில் கசியும்.

பட்டன் பேட்டரி விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது. பாடும் பொம்மை, கையடக்க விளையாட்டுக் கருவி போன்றவற்றில் இது இருக்கும். 20 மி.மீ. லித்தியம் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். ஈரமான தசையில் அதன் மின்சாரம் பாய்ந்து அந்த இடத்திலேயே காரம் உண்டாவதுதான் காரணம். 'தீர்ந்து போன' பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். மூடி திருகாணி போட்டு இறுக்கும்படி இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வெறும் பொம்மையைக் கொடுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. பொம்மைகளின் சிறு பாகங்களைச் சோதிக்கும் குழாயின் உள் விட்டம் 31.7 மி.மீ. தடித்த தாளை உள்சுற்றளவு 10 செ.மீ. வரும்படி சுருட்டி ஒட்டினால் கிட்டத்தட்ட அதே அளவு வந்துவிடும். அதற்குள் விழுவதெல்லாம் அந்தக் குழந்தைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். கோலிகுண்டு நிச்சயம் விழும்.

பெயின்ட் உரியும் பழைய மர, தகர பொம்மைகளில் நச்சான ஈயம் (lead) இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்கா பொம்மை பெயின்ட்டுக்கு 1978இல் விதித்த வரம்பு 0.06 சதவீதம், 2009இல் அதை 0.009 ஆகக் குறைத்தது. அதாவது பழைய விதிக்கு உட்பட்டே செய்த பொம்மையும் இன்றைய அளவுகோலில் தேறாமல் போகலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப்பிக்க நினைக்காதீர்கள், அந்தத் தூசிதான் பெரிய கேடு. அலமாரியில் வைத்துக் காட்டினால் போதும்.

சாவி கொடுக்கும் கார் ஓடவில்லை என்றால் முதலில் சக்கர அச்சைப் பாருங்கள். பெரும்பாலும் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கும், இடுக்கியால் இழுத்தெடுக்கலாம். அப்புறம் தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து அச்சில் விட்டால் போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகி, இருந்ததையும் கெடுக்கும். ஸ்பிரிங் இருக்கும் கூட்டைத் திறக்க வேண்டாம், சுருள் தெறித்தால் கையைக் கிழிக்கும்.

பம்பரத்தில் ஆணிதான் எல்லாம். ஆணி கோணியிருந்தால் பம்பரம் தலையாட்டும்; காய்ந்த கட்டையில் ஆணி ஆடினால் சுற்றும்போது கழன்று பறக்கும். ஆடும் ஆணியோடு எந்தப் பம்பரத்தையும் கொடுக்கக் கூடாது. வழுக்கும் நைலான் கயிற்றைவிடப் பருத்திக் கயிறு பிடிப்பாக நிற்கும். ஆணியிலிருந்து மேல்நோக்கி இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். பாதியில் தளர்ந்தால் பம்பரம் சுற்றாமல் உருண்டு ஓடும்.

எர்னோ ரூபிக் 1974இல் உருவாக்கிய, திருப்பித் திருப்பி நிறம் சேர்க்கும் க்யூப் ஒன்று அநேகமாக எல்லாப் பெட்டியிலும் கிடக்கும். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. முன்பு யாரோ பொறுமையிழந்து துண்டுகளைக் கழற்றி, கண்டபடி மாட்டியிருந்தால், அதைத் திருப்பித் திருப்பியே சேர்க்க 12இல் 1 பங்கு வாய்ப்புதான். எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மூலைத் துண்டு மட்டும் திரும்பி நின்றால் அது பிள்ளையின் குறையல்ல, மாட்டியவரின் குறை. ஸ்டிக்கரை உரித்து இடம் மாற்றியவர்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க, எதிரெதிர்ப் பக்கங்களின் நடுக்கட்டங்களில் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இரண்டு நிறமும் ஒரே துண்டில் சேர்ந்திருந்தால் ஸ்டிக்கர் மாறியிருக்கிறது. துண்டு மாறியதைச் சரிசெய்வது சுலபம். மேல் அடுக்கை 45 டிகிரி திருப்பி, நடு ஓரத் துண்டைக் கட்டைவிரலால் நெம்பினால் வந்துவிடும். மற்றவை தானே கழலும். நிறம் சேர்ந்த நிலையிலேயே மறுபடி மாட்ட வேண்டும். இதை மட்டும் முன்கூட்டியே செய்து வைக்காமல் பிள்ளையோடு உட்கார்ந்து செய்யலாம் என்பேன். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே பாதி விளையாட்டு. செய்முறையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கு வீடியோவைத் திறந்தால் திரையில்லா நாள் அதோடு சரி.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கடை பரப்பாமல், காலையில் இரண்டு, பிற்பகலில் இரண்டு என்று எடுத்தால் போதும்.

திரும்பக் கட்டி வைக்கும்போது பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, சாவி பொம்மையை முழுக்க ஓடித் தீரவிட்டு வையுங்கள். ரப்பர் போல மென்மையான பிவிசி பொம்மைகளைக் கெட்டிப் பிளாஸ்டிக் சாமான்மேல் போட்டு வைக்காதீர்கள். மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசிந்து அடியில் இருப்பதை இளக்கி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இப்படிக்கு,
பழைய பொம்மைகளைப் பழுதுபார்க்கும் வாசகர்