எங்கள் வண்டிகள் ஓடக் காரணமானவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் அப்பா பம்பாய் வடாலாவில் இருக்கும் எங்கள் டேங்கர் லாரி ஆபீஸ் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு சங்ககிரிக்கே கிளம்பிவிட்டார். யாருக்கெல்லாம் நன்றி சொல்லாமல் விட்டோம் என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைத்தான் எழுதுகிறேன்.

அப்பா பம்பாய்க்கு வந்தது 1976ல். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம். மாஹுல் சுத்திகரிப்பு ஆலை வாசலில் லோடுக்கு நிற்கும் டேங்கரில் கிளீனர் வேலை. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. பல வருஷம் கழித்து ஒரு பழைய டேங்கரை வாங்க முடிந்ததென்றால், அது சித்தப்பா தன் பங்கு நிலத்தை அடமானம் வைத்ததால்தான். சித்தப்பா, அதை நீங்கள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

செம்பூரில் மெஸ் நடத்திய அக்காவுக்கு என்ன சொல்வது! கையில் காசில்லாத மாதங்களில் அப்பாவுக்குச் சோறு போட்டது நீங்கள். செல்போன் வராத அந்த நாளில் எங்களுக்கு ஆபீஸும் உங்கள் மெஸ்தான். டிரைவர்கள் எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்வதை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பீர்கள். "சத்தாரா தாண்டியாச்சு." "கோலாப்பூரில் டயர் போச்சு, காலையில்தான் கிளம்பும்." அதைப் பார்த்த பிறகுதான் அம்மா தூங்குவார்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மூத்த டிரைவர் அண்ணன். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை. டிப் ராடைத் தொட்டிக்குள் இறக்கி அளவு பார்க்க வைத்தார். பாதி லோடுதான் ஆபத்து என்று சொல்லிக்கொடுத்தார். தொட்டி நிறைந்திருந்தால் திரவம் அவ்வளவாக அசையாது. பாதியாக இருந்தால் கண்டாலா மலை இறக்கத்தில் பிரேக் போட்டதும் மொத்தமும் முன்னால் வந்து மோதி வண்டியையே தள்ளும். உள்ளே ஓட்டை வைத்த தடுப்புத் தகடு இருப்பது அந்த வேகத்தைக் குறைக்கத்தான். வாடகைக்கு ஆசைப்பட்டு அரைகுறை லோடு ஏற்றாதே என்று அவர் சொன்னதை இன்றும் மீறுவதில்லை.

தொட்டி கழுவும் பெரியவரே, உங்களுக்குத்தான் நாங்கள் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். பீர் பாவ் கப்பல் துறையில் ரசாயனம் ஏற்றும் வண்டி திரும்பி வந்தால், மேன்ஹோலைத் திறந்து வைத்து, நன்றாகக் காற்றோட்டம் விட்டு, உள்ளே வாயு இல்லை என்று பார்த்த பிறகுதான் ஆளை இறங்கவிடுவீர்கள். அடுத்த லோடு தவறிப்போகிறதே என்று அப்பா கத்திய நாளிலும் நீங்கள் அசையவில்லை. இத்தனை வருஷத்தில் எங்கள் தொட்டிக்குள் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கத்தியதற்கு அப்பா சார்பில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அன்று, சமையல் எண்ணெய் ஏற்றிய எங்கள் வண்டி குர்லாவில் மாட்டிக்கொண்டது. நிறைந்த தொட்டி, அதனால் வெள்ளத்தில் மிதக்காமல் நின்றது. கேபின் மேல் உட்கார்ந்திருந்த டிரைவரையும் கிளீனர் பையனையும் கயிறு போட்டு இழுத்து, இரண்டு நாள் வீட்டில் வைத்துச் சோறு போட்ட மராத்திக் குடும்பமே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது எங்கள் ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறான்.

அக்கா, மெஸ்ஸை மூடிவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. இதைப் படிக்கும் யாராவது உங்களிடம் சொல்லட்டும். அப்பா சங்ககிரியில்தான் இருக்கிறார், உங்களைப் பார்க்க வேண்டுமாம். நீங்கள் எழுதிய காலண்டர் தாள்களை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.