நேப்பியர் பாலத்துக்கு மறுபடி வண்ணம் பூசும் முன் அதன் உறுதியைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சேப்பாக்கம் பகுதிவாசிகள்,
சென்னை 600 005.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை.

பொருள்: நேப்பியர் பாலத்தின் பழைய வளைவுகளைச் சோதித்துப் பழுது பார்த்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கூவம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நேப்பியர் பாலத்தைத் தினமும் கடந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் நாங்கள். 1869-இல் ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் அங்கே கட்டப்பட்டது இரும்புப் பாலம். இப்போது நாம் பார்க்கும் கான்கிரீட் வளைவுகள், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் எழுந்தவை. பக்கத்திலேயே அதே சாயலில் இன்னொரு பாலம் 1999-இல் வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வயதில் 56 ஆண்டு வித்தியாசம்.

2022 செஸ் ஒலிம்பியாட்டுக்காகச் சதுரங்கக் கட்டம் வரைந்தபோது எங்கள் பிள்ளைகளும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் எங்களுக்கும் சந்தோஷம்தான். கவலை வேறு.

இது நாண் ஏற்றிய வில் மாதிரியான பாலம். மேலே உள்ள வளைவு இரு முனைகளையும் வெளியே தள்ளும். தளத்தோடு ஓடும் விட்டம் நாண்போல இழுத்துப் பிடிக்கும். வண்டிகளின் பாரம் செங்குத்துத் தண்டுகள் வழியாக வளைவுக்கு ஏறும். விட்டத்திலும் தண்டுகளிலும் அந்த இழுப்பைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பி. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் அந்தக் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், மேலே உள்ள கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். விரிசல் கண்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயின்டுக்கு அடியில் மெல்லிய விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாதே என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே, அடுத்த முறை வண்ணம் பூசும் முன், 1943 வளைவுகளில் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று பொறியாளர்களைக் கொண்டு சோதிக்க வேண்டுகிறோம். ஆற்றுப் பக்கம் இறங்கித் தளத்தின் அடிப்பகுதியையும் அவசியம் பார்க்க வேண்டும். ஈரமும் உப்பும் அதிகம் படும் இடம் அது. இந்தப் பணி வேறு துறையின் பொறுப்பில் வருமானால், மனுவை அங்கே அனுப்பி எங்களுக்கும் தெரிவியுங்கள். சோதனை முடிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

அப்புறம், நடைபாதையில் ஒரு சிறு கல்வெட்டு. 1869, 1943, 1999 என்ற மூன்று ஆண்டுகளும் எந்த வளைவு எப்போதையது என்பதும் தமிழில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
சேப்பாக்கம் பகுதிவாசிகள்
இடம்: சென்னை