சரசுவுக்கு, செந்தூலிலிருந்து

அன்புள்ள சரசு,

இங்கே எல்லாரும் நலம். உன் மூட்டுவலி, பட்டர்வொர்த் வெயில், சின்னவளுக்குப் பார்க்கிற மாப்பிள்ளை எல்லாவற்றையும் பற்றி நீ பதில் எழுது. வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதமா என்று சிரிக்காதே. என் போனுக்கு வருவது, போவது எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டுவதுதான் பேத்திக்குப் புது விளையாட்டு. நான் எழுதப்போவது உங்க அண்ணன் காதில் விழக் கூடாது.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம், யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைப் பார்க்க. சொந்தக் காரில்! "ஜொகூரிலேயே லெகோலாண்ட் இருக்கே அத்தை, பாஸ்போர்ட்டும் வேணாம், ஜாமும் வேணாம்" என்று மருமகன் நைசாகச் சொல்லிப் பார்த்தார். "அது சின்னப் புள்ளைங்களுக்கு" என்று பேரன் முடித்துவிட்டான்.

அந்தப் பெரிய மனிதரை வாரா வாரம் நிலைக்கதவில் நிறுத்திப் பென்சிலால் கோடு போடுகிறோம். யூனிவர்சலில் மம்மி சவாரிக்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். சிவப்பும் நீலமுமாக இரண்டு தண்டவாளம் பின்னிக்கொண்டு ஓடுமே, அந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. இவன் 121ஐத் தாண்ட மாட்டேன் என்கிறான். ஒரு நாள் மூன்று காலுறையை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் அம்மா ஒவ்வொன்றாக உருவ, இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இதில் இன்னொரு கூத்து: சிங்கப்பூரில் 135 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்கள் காரில் பூஸ்டர் போட்டுத்தான் உட்கார வேண்டும். கலாக்டிகாவில் பறக்கத் துடிக்கிறவர் நம் ஆல்ஸா காரில் தங்கச்சி பக்கத்தில் பூஸ்டரில் வரப்போகிறார். இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

உங்க அண்ணனோ ஒரு நீல ஃபைலைக் கட்டிக்கொண்டு அலைகிறார். கார் கிராண்ட் என்கிற பதிவுப் பத்திரம், இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், எல்லாம் போனில் இருந்தாலும் பிரிண்ட் எடுத்து அடுக்கியிருக்கிறார். சிங்கப்பூரின் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவில் காரைப் பதிந்து, அனுமதி வந்த மின்னஞ்சலைக்கூட இரண்டு பிரதி. இன்சூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டு, சிங்கப்பூருக்கு நம் பாலிசியே செல்லும், தாய்லாந்துக்குத்தான் தனியாக எடுக்க வேண்டும் என்று மூன்று தரம் சொல்ல வைத்தார். 2024லிருந்து காரில் போகிறவர்கள் சிங்கப்பூர் சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டாம், ஒரு கியூஆர் குறியைக் காட்டினால் போதும் என்று மகள் சொல்கிறாள். இவர் காதில் ஏறவில்லை, பாஸ்போர்ட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார்.

செலவுக் கணக்கும் மனப்பாடம். நம் கார் உள்ளே நிற்க நாளுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி. சனி, ஞாயிறு கிடையாது. மற்ற நாட்களிலும் வருஷத்துக்குப் பத்து நாள் இலவசம். ஆனால் 6.40 வெள்ளி மட்டும் நுழையும்போதெல்லாம் கட்டியாக வேண்டும். நாம் 2016இல் அவர்கள் காருக்கு 20 ரிங்கிட் போட்டோம், அவர்கள் 2017இல் நமக்கு இதைப் போட்டார்கள். சம்பந்திகள் மொய் திருப்புகிற மாதிரிதான்.

சிரித்தது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி, விடிந்ததும் சிங்கப்பூருக்குள் போகிற துவாஸ் பாலத்தைப் பிடிப்பதாகத் திட்டம். ஜொகூர் வரைக்கும் 330 கிலோமீட்டர், முழுக்க இருட்டு, முழுக்க இவர் கையில். தீபாவளி முடிந்து ஈப்போவிலிருந்து ராத்திரி திரும்பினோம் இல்லையா? ஸ்லிம் ரிவர் தாண்டி, முன்னால் ஊர்ந்த லோரியின் பின்விளக்கை இவர் கவனிக்கவே இல்லை. மகள் "அப்பா!" என்று அலறினாள். அதற்கப்புறம்தான் பிரேக். ரவாங் வரும்வரை காருக்குள் பேச்சில்லை. பிள்ளைகள் நல்லவேளை தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கண் டாக்டர் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் முடியும்வரை ராத்திரியில் ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தவர்தான், அதற்குப் பிறகு பேச்சே எடுப்பதில்லை. நான் எடுத்தால், "லோரி ஓட்டினவனுக்கு ரோடு காட்டுறியா?" என்கிறார்.

எனக்குப் புரியாமலில்லை சரசு. லோரி ஓட்டித்தான் மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார். எத்தனையோ தடவை சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போனவர், ஒரு தடவைகூட என்னை ஊர் பார்க்க அழைத்துப் போகவில்லை. நேரமும் இல்லை, காசும் இல்லை. இப்போது பேரப்பிள்ளைகளைத் தானே ஓட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வீம்பு. அதைப் பிடுங்க எனக்கு மனசில்லை. ஆனால் அந்தக் காரில் என் குடும்பமே இருக்கிறது.

ஆகையால் உதவி கேட்கிறேன். நான் சொன்னால் நச்சரிப்பு, மகள் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். உன் வீட்டுக்காரர் சொன்னால் கேட்பார். ஒரே முதலாளியிடம் லோரி ஓட்டிய இரண்டு பேர், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் தட்டியதில்லை. அவரைப் பேசச் சொல். கண்ணைப் பற்றி நேரடியாக எடுக்க வேண்டாம், உடனே முறைத்துக்கொள்வார். பயணத்தைப் பற்றிக் கேட்டு, வெள்ளிக்கிழமை பகலிலேயே கிளம்பு, வழியில் மாச்சாப்பில் சாப்பிட்டுவிட்டு ஜொகூரில் மாசாய் அத்தை வீட்டில் படு, மறுநாள் வெளிச்சம் வந்ததும் பாலத்தைத் தாண்டு என்று யோசனை சொல்வதுபோல் சொல்லட்டும். பகல் முழுக்க இவரே ஓட்டட்டும், பாலத்தையும் இவரே தாண்டட்டும். அங்கே எத்தனை மணி நேரம் ஜாமில் நின்றாலும் நான் வாய் திறக்க மாட்டேன். திரும்பி வரும்போது இருட்டிவிடும், அப்போது ஸ்டியரிங் மகள் கைக்கு வர வேண்டும். அவள் சைபர்ஜெயாவுக்குத் தினமும் ஓட்டிப் போய் வருகிறவள், அது உங்க அண்ணனுக்கு மட்டும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தமிழ்ச் செய்தி முடிந்ததும் கூப்பிடச் சொல். அதற்கு முன்னால் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். நான் எழுதியதாக மூச்சு விடக் கூடாது. உன் வீட்டுக்காரருக்கு ரகசியம் தங்காது என்று எனக்குத் தெரியும், 'பொரிச்சட்டி' டீச்சர் விஷயத்தில் பட்டது போதாதா? பக்கத்திலேயே உட்கார்ந்து காலை மிதித்துக்கொண்டே இரு.

சிங்கப்பூரிலிருந்து என்ன வேண்டும் என்று எழுது. தங்கம் என்று மட்டும் எழுதிவிடாதே.

அன்புடன்,
கமலா