நாய் வளர்க்கும் தோட்டக்காரர்களுக்கு: வேலியின் அடியைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ராஜபாளையம், கோம்பை நாய்களைக் காவலுக்கு வளர்ப்பவர்கள் எங்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை அடி உயரம் போடலாம்?" என்பதுதான். ஆறு அடி போடுங்கள். ஆனால் வேலியின் அடியையும் கேட்டையும் கவனிக்காமல் உயரத்தை மட்டும் கூட்டுவதில் பயனில்லை.

கரிசல் நிலத்தில் இது பெரிய தொல்லை. கோடையில் மண் சுருங்கி வெடிக்கிறது. ஐப்பசி மழையில் ஊறி உப்புகிறது. கல்கால் சாய்ந்து, வலை தளர்ந்து, தரைக்கு மேலே சந்து விழுகிறது. வேலியோரமாக மோந்துகொண்டே சுற்றும் நாய் அந்தச் சந்தை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். மூக்கு நுழைந்தால் போதும், மீதியை முன்னங்கால்கள் தோண்டிக்கொள்ளும். அதனால் நாங்கள் வலையைத் தரைமட்டத்தோடு நிறுத்துவதில்லை. உட்புறமாக இரண்டு அடி மடக்கித் தரையில் படுக்கவைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டு மூடுகிறோம். நாய் பெரும்பாலும் வேலியை ஒட்டியே தோண்டும். நகத்தில் கம்பி தட்டினால் மேற்கொண்டு பள்ளம் பறிக்க முடியாது. வலைக்கு 12 கேஜைவிட 10 கேஜ் கம்பியே நல்லது. எண் குறைந்தால் கம்பி தடிமனாகும். பலர் இதை மாற்றி நினைத்துக்கொள்கிறார்கள்.

கேட்டுக்கு அடியில் மூன்று விரல் அளவுக்கு மேல் இடைவெளி வேண்டாம். வெறும் கொண்டியை நாய் மூக்கால் தூக்கிவிடும், பூட்டுப் போடுங்கள். இடம் இருந்தால் உள்ளே இன்னொரு சிறு கேட் வையுங்கள். பால்காரர் வரும்போது ஒன்று திறந்திருந்தாலும் மற்றொன்று தடுக்கும்.

விறகுக் குவியல், தண்ணீர்த் தொட்டி, மோட்டார் அறை எதுவும் வேலியை ஒட்டி இருக்கக் கூடாது. அவற்றில் ஏறித் தாவினால் ஆறு அடி வேலி மூன்று அடிதான். தாவும் பழக்கமுள்ள நாய்க்கு வேலியின் மேல்பகுதியை உட்புறமாகச் சாய்த்துத் தருகிறோம். நாய்க்காக முள்கம்பி கேட்டால் மறுத்துவிடுகிறோம், வயிற்றைக் கிழித்துக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தை வேலியில் நேரடியாகக் கொடுப்பது குற்றம், மனிதரையும் கொல்லும். அந்த வேலைக்கு எங்களைக் கூப்பிடவே வேண்டாம்.

வேலி போடும் வரை சமாளிக்கலாம் என்று வேலியோரம் சங்கிலியில் கட்டாதீர்கள். தாண்டிக் குதித்தால் கழுத்து இறுகித் தொங்கிவிடும்.

வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. அவை சாலைக்குப் போய்விட்டால் உங்கள் குரலும் கேட்காது, லாரியின் ஹாரனும் கேட்காது. வெளியேறிய நாய் யாரையாவது கடித்தால் பொறுப்பு உங்களுடையது. கவனக்குறைவாக விலங்கை வைத்திருப்பவருக்கு, நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரளும் நாய், மற்ற நாட்களில் முயலாத வேலியையும் தாண்டப் பார்க்கும். அன்று இரவு அறைக்குள் வைத்துப் பூட்டுங்கள். எங்களிடம் வேலி போட்டவர்கள் அதற்கு முன்பே சொல்லி அனுப்பினால், சாய்ந்த கால்களையும் தளர்ந்த வலையையும் ஆட்கள் வந்து பார்த்துச் சரிசெய்வார்கள்.

அன்புடன்,
கம்பி வேலிக் கடையார்,
ராஜபாளையம்